நிறுத்தப்பட்ட ஒரு தடுப்பூசி கற்றுத்தந்த பாடம்

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரான்சின் மருந்து உற்பத்தி நிறுவனமான சனோபி, இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வைஸ்பயோ என்னும் சிறு நிறுவனத்தை 1,150 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கிக்கொள்ள உடன்பட்டிருப்பதாக அறிவித்தது. குறித்த சில இலக்குகள் எட்டப்படுமிடத்து மேலும் 450 மில்லியன் டொலர் வரை செலுத்தவும் அந்நிறுவனம் இணங்கியது. பங்குச் சந்தைச் செய்திகளுள் ஒன்றாக இதனைப் பலரும் வாசித்துக் கடந்திருப்பர். ஆயினும் அப்பெருந்தொகைக்கு விலைபோன பொருள் யாது என்று நோக்குமிடத்து, அவுஸ்திரேலியாவில் வாழும் எமக்கு அது ஏற்கெனவே அறிமுகமானதொன்று என்பது புலப்படும்.

பிறிஸ்பேன் நகரில் உள்ள குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்திற் பிறந்த 'மூலக்கூற்றுக் கவ்வி' என்னும் உத்தியே அப்பொருளாகும். 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி, அன்றைய பிரதமர் ஸ்கொட் மொறிசனின் அரசாங்கம் மக்கள் முன் தோன்றி, இவ்வுத்தியைக் கொண்டு உருவாக்கப்பட்டு வந்த கொரோனாத் தடுப்பூசி கைவிடப்படுகிறது என்று அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று கைவிடப்பட்ட அறிவு ஐந்து ஆண்டுகளுக்குள் திருத்தப்பட்ட வடிவில் இத்துணை விலைபெறும் பொருளாகத் திரும்பி வந்தது எங்ஙனம்? அன்று அதனை நிறுத்தியது சரிதானா? புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்க்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், தடுப்பூசி என்பது இன்று எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழைய வழியும் அதன் எல்லையும்

நாம் சிறுவயதிற் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளுட் பல ஓர் எளிய விதியின்படி ஆக்கப்பட்டவை. நோயை உண்டாக்கும் கிருமியைக் கொன்றோ, வலுவிழக்கச் செய்தோ உடலினுட் செலுத்தினால், உடல் அதனை அடையாளம் கண்டு பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்துகொள்ளும். பின்னர் உண்மையான கிருமி வந்து தாக்கும்போது அவை அதனை மடக்கிவிடும். போலியோவும் சின்னமுத்தும் இவ்வழியிலேயே கட்டுப்படுத்தப்பட்டன. கிருமியின் உறுப்புகள் எவை, அவற்றின் வடிவம் எத்தகையது என்பனவற்றை அணு அணுவாக அறியாமலே மனிதகுலம் இவ்வெற்றிகளை ஈட்டியது.

இவ்வழி எல்லா வைரசுகளுக்கும் பொருந்துவதன்று என்பதை 1960களில் அமெரிக்கா ஒரு துயரத்தின் மூலம் கற்றுக்கொண்டது. கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரசுக்கு எதிராக, போமலின் கொண்டு அவ்வைரசைக் கொன்று ஒரு தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. 1966இல் அது குழந்தைகளுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கப்பட்டது. அடுத்து வந்த குளிர்காலத்தில் அவ்வைரசு பரவியபோது நேர்ந்தது எவரும் எதிர்பாராதது. அப்பரிசோதனைகளுள் ஒன்றில், ஊசி பெற்றபின் தொற்றுக்கு உள்ளான குழந்தைகளில் ஏறத்தாழ 80 வீதமானோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அவ்வூசியைப் பெறாத குழந்தைகளில் அவ்வாறு அனுமதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 5 வீதத்தினரே. ஊசி பெற்ற குழந்தைகள் இருவர் உயிரிழந்தனர். காக்க வந்த மருந்தே நோயை மேலும் கடுமையாக்கிற்று.

இதன்பின் அரை நூற்றாண்டு காலம் இவ்வைரசுக்குத் தடுப்பூசி இல்லாமலே உலகம் இருந்தது. எங்கே தவறு நேர்ந்தது என்பது உடனடியாக விளங்கவில்லை. அதற்கான முதன்மையான காரணங்களுள் ஒன்று புரதத்தின் வடிவத்தில் ஒளிந்திருந்தது.

வடிவம் என்னும் புதிர்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட ஒரு நீண்ட சரம். அச்சரம் தானாகவே மடிந்தும் சுருண்டும் ஒரு குறித்த வடிவத்தை அடைகிறது. ஓலை ஒன்றேயாயினும் அதனைப் பெட்டியாகவும் இழைக்கலாம், பாயாகவும் இழைக்கலாம். பெட்டி செய்யும் வேலையைப் பாய் செய்யாது. புரதத்தின் தொழிலும் அவ்வாறே அதன் வடிவத்தினால் நிர்ணயிக்கப்படுகிறது. எமது உடலின் பிறபொருளெதிரிகள் ஒரு புரதத்தை இனங்காண்பதும் அதன் மேற்பரப்பின் மேடு பள்ளங்களைக் கொண்டுதான்.

ஆர்.எஸ்.வி., கொரோனா, எச்.ஐ.வி. முதலான வைரசுகளின் மேற்பரப்பில் எமது உடற்கலங்களைத் துளைத்து உட்புகுவதற்கான புரதம் ஒன்று உண்டு. இதனை ஏற்றி வைத்த எலிப்பொறிக்கு ஒப்பிடலாம். கலத்தைத் தொடும்வரை அது இறுக்கமான ஒரு நிலையில் அடங்கியிருக்கும். தொட்டவுடன் விசை தெறித்து, நீண்டு, முற்றிலும் வேறானதொரு வடிவத்தை அடையும். தெறித்த பொறி தானாக மீண்டும் ஏறுவதில்லை. வைரசைத் தடுக்க வேண்டுமாயின், தெறிப்பதற்கு முந்திய நிலையில் அதனைப் பற்றிப்பிடிக்கும் பிறபொருளெதிரிகளே பெரிதும் வேண்டப்படுவன. 1966ஆம் ஆண்டின் தடுப்பூசியிலோ பொறி ஏற்கெனவே தெறித்துவிட்டிருந்தது. அதனைப் பெற்ற குழந்தைகளின் உடல், வேலை முடிந்துபோன ஒரு வடிவத்தை எதிரியென்று கற்றுக்கொண்டது.

இவ்வடிவங்களை மனிதன் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாற்றிலே தமிழகத் தலைநகருக்கும் ஓர் இடம் உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைப் பொறுப்பை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், எமது தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரியாக முறுக்கப்பட்ட கயிறு போன்றது என்பதை 1954ஆம், 1955ஆம் ஆண்டுகளில் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து வெளியிட்டார். அவ்வாய்வில் எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கப் பயன்பட்ட பொருள்களுள் ஒன்று கங்காருவின் வாலிலிருந்து பெறப்பட்ட தசைநாண் என்பது அவுஸ்திரேலியத் தமிழர்கள் அறிந்து மகிழத்தக்கது. 1963இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம், புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்று வரையறுத்தது. இன்றும் உலகின் எந்த ஆய்வுகூடத்திலும் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்படுமாயின், அது பிழையற்றதா என்று சரிபார்க்கும் உரைகல்லாக இராமச்சந்திரன் வரைபடமே கைக்கொள்ளப்படுகிறது.

வடிவத்தைப் பார்த்தறிந்து, அதற்கேற்ப மருந்தைச் செதுக்கலாம் என்பதற்கு முன்னோடியான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றைத் தந்த நகரம் மெல்பேர்ண். இன்புளுவென்சா வைரசின் நியூராமினிடேஸ் என்னும் புரதத்தைக் கன்பரா நகரில் கிரேம் லேவர் பளிங்காக்கினார். அதன் வடிவத்தை மெல்பேர்ணில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர் கோல்மனும் ஜோஸ் வர்கீசும் கண்டறிந்தனர். 1983இல் அம்முடிவுகள் வெளியாயின. வைரசு எவ்வளவுதான் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டாலும் அப்புரதத்தில் மாறாத ஒரு குழிவு இருப்பதை அவர்கள் கண்டனர். அக்குழிவினுட் சரியாகப் பொருந்தும் மூலக்கூற்றை, விக்டோறிய மருந்தியற் கல்லூரியில் மார்க் வொன் இற்ஸ்ரைன் தலைமையிலான குழு ஆக்கிற்று. 1999இல் அது ரெலென்சா என்னும் பெயரில் சந்தைக்கு வந்தது. பூட்டைப் பார்த்துச் சாவி செய்யும் இம்முறை மருந்துக்குக் கைகொடுத்தது. தடுப்பூசிக்கு அது கைகொடுக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

தெறிக்காத பொறி

2013இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களைச் சேர்ந்த ஜேசன் மக்லெலன், பீற்றர் குவொங், பார்னி கிரகாம் ஆகியோர் அடங்கிய குழு ஆர்.எஸ்.வி. வைரசின் பொறியை, தெறிப்பதற்கு முந்திய நிலையிலேயே கண்டறிந்தது. வடிவம் கண்ணுக்குத் தெரிந்தபின், அசையும் பகுதிகளுக்கிடையே ஒரு பிணைப்பை இட்டும், உள்ளிருந்த வெற்றிடங்களை வேறு அமினோ அமிலங்களால் நிரப்பியும் அதனை அந்நிலையிலேயே நிறுத்திவைத்தனர். ஐம்பது ஆண்டுகாலப் புதிர் அத்துடன் அவிழ்ந்தது. 2023இல் இவ்வடிப்படையில் ஆக்கப்பட்ட இரு தடுப்பூசிகள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அவற்றுள் ஒன்று அவுஸ்திரேலியாவில் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் கீழ்க் கர்ப்பிணித் தாய்மாருக்கு இலவசமாக வழங்கப்படலாயிற்று. தாய்க்குப் போடப்படும் ஊசி, பிறக்கும் குழந்தையை அதன் முதல் மாதங்களிற் காக்கிறது.

இதே அறிவு கொரோனாவுக்கும் பயன்பட்டது. அவ்வைரசின் மரபணுத் தொடர், சீனாவின் சாங் யொங்சென் குழுவினரின் சார்பில், சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேர்ட் ஹோம்ஸ் அவர்களால் 2020 ஜனவரியில் உலகுக்கு வெளியிடப்பட்டது. சிட்னிக் கடிகாரத்தின்படி அது ஜனவரி 11ஆம் திகதி. பெப்ரவரி மாதத்திலேயே முட்புரதத்தின் வடிவத்தை மக்லெலன் குழுவினர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையுடன் வெளியிட்டனர். அதற்கு முன்னரே மேர்ஸ் என்னும் நோயின் வைரசை ஆராய்ந்தபோது, புரொலின் என்னும் அமினோ அமிலம் இரண்டைச் சரியான இடத்தில் வைத்தால் பொறி தெறிக்காது என்று கண்டிருந்தனர். பைசர், மொடேர்னா, நோவாவாக்ஸ் ஆகிய தடுப்பூசிகள் மூன்றிலும் இவ்விரு புரொலின்களும் உண்டு. ஓராண்டிற்குள் தடுப்பூசி வந்தது எப்படி என்று ஐயுற்றோர் எம்மிடையேயும் இருந்தனர். அந்த ஓராண்டின் பின்னால் பல பத்தாண்டுக்கால உழைப்பு இருந்தது என்பதே அவ்வையத்துக்கு விடை.

பிறிஸ்பேனின் கவ்வி

குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் சப்பெல், போல் யங், டானியல் வோட்டர்சன் ஆகியோர் வேறொரு வழியைத் தேர்ந்தனர். ஒவ்வொரு வைரசுக்கும் தனித்தனியே எங்கே பிணைப்பு இடுவது என்று தேடுவதை விட, எந்த வைரசின் புரதத்துக்கும் பொருந்தக்கூடிய ஒரு பொதுக் கவ்வியை ஆக்குவதே அவர்களது நோக்கம். இத்தகைய பொறிப்புரதம் மூன்று இழைகளால் ஆனது. வைரசிலிருந்து தனியே பிரித்தெடுத்தால் அவ்விழைகள் கலைந்துபோகும். அவற்றின் அடிப்பகுதியை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் ஒரு துண்டைச் சேர்த்துவிட்டால் வடிவம் குலையாது. புதியதொரு தொற்று தோன்றுமிடத்து, மரபணுத் தொடர் கிடைத்த சில வாரங்களில் தடுப்பூசியை ஆக்கிவிடலாம் என்பது எதிர்பார்ப்பு. ஆழ்குளிரில் வைக்க வேண்டிய தேவையுமில்லை, சாதாரண குளிர்சாதனப் பெட்டியே போதுமானது. செப்பி என்னும் சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டமைப்பு 2019இலேயே இதற்கு நிதியளித்திருந்தது.

அக்கவ்விக்கென அவர்கள் தெரிந்தெடுத்த துண்டு எச்.ஐ.வி. வைரசின் ஒரு புரதத்தைச் சேர்ந்தது. இதனைக் கேட்டவுடன் அச்சம் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒரு புரதத்தின் சிறு துண்டு நோயை உண்டாக்க வல்லதன்று. வைரசு பெருகுவதற்கு வேண்டிய மரபணு எதுவும் அதில் இல்லை. சுட்டெடுத்த ஓட்டுத் துண்டைக் கொண்டு வீட்டைக் கட்டிவிட முடியாதது போன்றது அது. மிக உறுதியானது, நன்கு ஆராயப்பட்டது என்பதனாலேயே அத்துண்டு தெரிவு செய்யப்பட்டது.

2020ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி பிறிஸ்பேனில் மனிதர்களில் முதற்கட்டப் பரிசோதனை ஆரம்பமாயிற்று. 216 தொண்டர்கள் அதிற் பங்குகொண்டனர். செப்டெம்பரில் அரசாங்கம் 51 மில்லியன் ஊசிகளுக்கு உடன்படிக்கை செய்தது. மெல்பேர்ணின் சி.எஸ்.எல். நிறுவனம் உற்பத்தியைப் பொறுப்பேற்றது. திட்டமிட்டவாறு நடந்திருக்குமாயின் 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியளவில் அது மக்களுக்குக் கிடைத்திருக்கும்.

முதற்கட்ட முடிவுகள் நல்லனவாகவே இருந்தன. கொரோனாவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் சிறப்பாக உருவாயின, கடுமையான பக்கவிளைவுகள் தோன்றவில்லை. இடர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. உடல் முட்புரதத்தை மட்டுமன்றி, அதனைப் பற்றியிருந்த கவ்வியையும் அந்நியமென்று கற்றுக்கொண்டது. எச்.ஐ.வி. பரிசோதனைகளிற் சில, குருதியில் அத்தகைய பிறபொருளெதிரிகள் உள்ளனவா என்று பார்ப்பவை. ஆகவே தொண்டர்களிற் பலர் அச்சோதனைகளில், நோய் சிறிதும் இல்லாதிருந்தும், நோயுள்ளவர் போலத் தோன்றினர். மேலதிக சோதனைகள் அவர்களுக்கு எச்.ஐ.வி. இல்லை என்பதைத் தெளிவாக்கின. இத்தகைய வாய்ப்பு உண்டென்று தொண்டர்களுக்கு முற்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. எதிர்பார்த்ததை விட அது அதிகமாக நேர்ந்தது என்பதே உண்மை.

நிறுத்தியது சரிதானா?

தடுப்பூசியிற் பழுதில்லை, பரிசோதனை முறையை மாற்றிக்கொண்டால் என்ன என்று அன்றும் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வியே. கவ்வியினால் ஏமாறாத வேறு எச்.ஐ.வி. சோதனைகள் இருக்கவே செய்தன. உலகெங்கும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த வேளையில், ஆய்வுகூட நடைமுறையொன்றைக் காப்பாற்றுவதற்காக ஒரு தடுப்பூசியைக் கைவிடுவது தகுமா என்பது அவர்களது வாதம்.

ஆனால் அந்த நடைமுறை எங்கெல்லாம் வேரூன்றியிருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். தானம் செய்யப்படும் ஒவ்வொரு குருதிப் பொதியும் எச்.ஐ.வி.க்காகச் சோதிக்கப்படுகிறது. கர்ப்பிணித் தாய்மார் சோதிக்கப்படுகின்றனர். ஒரு நாட்டின் மக்களிற் பெரும்பாலானோர் இத்தடுப்பூசியைப் பெற்றிருப்பின், வழமையான சோதனைகளின் பயன் கெட்டுவிடும். உண்மையாகவே நோய்க்கு ஆளானவரை அல்லாதவரிலிருந்து பிரித்தறிவது கடினமாகும். நாடளாவிய முறையொன்றைப் பெருந்தொற்றின் நடுவே மாற்றியமைக்கும் அவகாசம் எவருக்கும் இருக்கவில்லை.

இங்கே எம்மவரின் நிலை தனித்துச் சொல்லப்பட வேண்டியது. அவுஸ்திரேலியாவில் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் 15 வயதும் அதற்கு மேற்பட்டோரும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உட்படுதல் வேண்டும். இந்நாட்டிற் பிறந்த ஒருவருக்குத் தவறான முடிவொன்று சில நாள் கவலை. மறு சோதனையுடன் அது நீங்கிவிடும். ஆண்டுக்கணக்காக இணைப்பு விசாவிற் காத்திருக்கும் ஒருவருக்கோ, மனைவி மக்களை ஊரிலிருந்து அழைத்துக்கொள்ள முயலும் ஒருவருக்கோ அது கோப்பில் ஏறிவிட்ட ஒரு குறிப்பு. விளக்கக் கடிதம், மறு சோதனை, மீண்டும் காத்திருப்பு என்று அது நீளும். எம் சமூகத்தில் அந்நோயின் பெயருக்குள்ள இழுக்கையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாளில் எழுதப்பட்ட ஒரு சொல் ஒருவரின் வாழ்வை எவ்வளவு தூரம் திசைதிருப்பும் என்பதை அகதிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே அன்றைய முடிவு சரியானதே என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. அதனினும் முக்கியமானது அம்முடிவு வெளியிடப்பட்ட விதம். குறையை மூடிமறைக்க முயலாது, காரணத்தைக் கூறி, அதனை உருவாக்கியோரும் மக்கள் முன் நின்று விளக்கினர். தம் உழைப்பு தம் கண்முன்னே நிறுத்தப்படுவதை ஏற்றுக்கொண்ட அவ்விஞ்ஞானிகளின் நேர்மை பாராட்டுக்குரியது.

இழப்பும் வதந்தியும்

இம்முடிவுக்கு விலை இல்லாமற் போகவில்லை. 51 மில்லியன் ஊசிகளை நம்பியிருந்த நாடு, மெல்பேர்ணில் உற்பத்தியான அஸ்ட்ராசெனகா ஊசியின்மீது மேலும் சாய நேர்ந்தது. அதன் கொள்வனவு 33.8 மில்லியனிலிருந்து 53.8 மில்லியனாக உயர்த்தப்பட்டது. 2021 ஏப்ரலில் அரிதான குருதி உறைவு காரணமாக 50 வயதுக்கு உட்பட்டோருக்குப் பைசர் ஊசியே உகந்தது என்று அறிவுறுத்தப்பட்டது. ஜூன் மாதத்தில் அவ்வெல்லை 60 ஆயிற்று. பைசரோ போதிய அளவில் நாட்டில் இருக்கவில்லை. அவ்வேளையிலேயே டெல்ரா வைரசு சிட்னியைத் தாக்கியது.

ஜூன் 26ஆம் திகதி தொடங்கிய சிட்னி முடக்கம் ஒக்ரோபர் 11ஆம் திகதி வரை நீடித்தது. எம்மவர் செறிந்து வாழும் கம்பலாண்ட், பிளாக்டவுண், பரமற்றா, ஸ்ரத்பீல்ட் ஆகிய மாநகரப் பகுதிகள் 'கவலைக்குரிய பகுதிகள்' என்னும் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இராணுவத்தினர் வீதிக்கு வந்தனர். ஓகஸ்ட் 23ஆம் திகதி முதல் இரவு 9 மணி தொடக்கம் காலை 5 மணி வரை ஊரடங்கு. ஊரடங்கு என்னும் சொல்லையும், வாசலில் நிற்கும் சீருடையையும் மறப்பதற்காகவே கடல் கடந்து வந்தவர்கள் அவ்விரவுகளை எவ்வாறு கழித்திருப்பர் என்பதை இங்கு விபரிக்கத் தேவையில்லை.

அந்நாட்களில் எம் உறவு முறையான முதிய தாயொருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இன்னும் நினைவிலுள்ளது. "தம்பி, இந்த ஊசி போட்டால் அந்தக் கூடாத வருத்தம் இருக்கெண்டு காட்டுமாம். பிறகு மகனின்ரை விசா என்னாகும்?" என்று அவர் கேட்டார். அவர் போட்டுக்கொள்ள இருந்தது பைசர் ஊசி. கைவிடப்பட்ட ஊசிக்கும் அதற்கும் எவ்வித தொடர்பும் இல்லை. அதில் கவ்வியும் இல்லை, எச்.ஐ.வி. புரதத்தின் துண்டும் இல்லை. ஆனால் டிசெம்பர் மாதத்து உண்மைச் செய்தி ஒன்று, வாய்க்கு வாய் மாறி, ஓகஸ்ட் மாதத்தில் வேறோர் ஊசியின் மேல் வந்து அமர்ந்துவிட்டது.

அத்தாயின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. அவருடைய தர்க்கத்தில் குற்றமில்லை. அவருக்குக் கிடைத்த தகவலிலேயே குற்றம் இருந்தது. தமிழிற் பேசக்கூடிய ஒருவர் அரைமணி நேரம் விளக்கியபின் அவர் ஊசியைப் போட்டுக்கொண்டார். அந்த அரைமணி நேரம் கிடைக்காதோர் எத்தனைபேர் என்பதே எம் முன்னுள்ள கேள்வி. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய காலத்தில், மாணவர் கேள்வி கேட்காத நாளே கவலைக்குரிய நாள் என்று நாம் கருதியதுண்டு. மக்களின் கேள்விகளுக்கும் அது பொருந்தும்.

திரும்பி வந்த அறிவு

பிறிஸ்பேன் ஆய்வாளர்கள் சோர்ந்துவிடவில்லை. எச்.ஐ.வி.யின் துண்டை நீக்கி, அதற்குப் பதிலாக வேறொன்றை வைத்து இரண்டாம் தலைமுறைக் கவ்வியை ஆக்கினர். 2022இல் செப்பி மீண்டும் நிதியளித்தது. புதிய கவ்வி கொண்ட கொரோனாத் தடுப்பூசி, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற நோவாவாக்ஸ் ஊசியுடன் ஒப்பிட்டுப் பிறிஸ்பேனில் மனிதர்களிற் பரிசோதிக்கப்பட்டது. கவ்வியின் உரிமத்தைப் பெற்ற வைஸ்பயோ நிறுவனம், ஆர்.எஸ்.வி.யையும் அதற்கு உறவான மற்றொரு சுவாச வைரசையும் ஒரே ஊசியில் தடுக்க முனைந்தது. சனோபி வாங்க முன்வந்தது இம்முயற்சியையே. குறையை மறைத்திருந்தால் அன்று ஓர் ஊசி விற்பனையாகியிருக்கலாம். ஆனால் உண்மை வெளிப்பட்ட நாளில் கவ்வி என்னும் சொல்லையே மக்கள் வெறுத்திருப்பர். வெளிப்படையாக நிறுத்தப்பட்டதனாலேயே அது திருந்தித் திரும்பி வர இடமிருந்தது.

இம்மகிழ்ச்சியின் ஓரத்தில் ஒரு கேள்வியும் உண்டு. பொதுப் பணத்திலும் பல்கலைக்கழகத்திலும் பிறந்த அறிவு, இலண்டன் வழியாகப் பாரிசைச் சென்றடைகிறது. ரெலென்சாவின் கதையும் இதுவே. அதன் உரிமை பிரித்தானியாவின் கிளாக்ஸோ நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதனைப் போதியளவு சந்தைப்படுத்தவில்லை என்று அவுஸ்திரேலியாவின் பயோட்டா நிறுவனம் தொடுத்த வழக்கு, 2008இல் 20 மில்லியன் டொலருடன் இணக்கமாக முடிந்தது. பெரும் பரிசோதனைகளுக்கு வேண்டிய முதல் பெரும் நிறுவனங்களிடமே உண்டு என்பது மறுக்கவியலாதது. ஆயினும் அம்முதலின் கணக்கிற் சேராதவர் பலர். ஆர்.எஸ்.வி.யினால் ஆண்டுதோறும் உயிரிழக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் என்று 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் 97 வீதத்துக்கும் மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர். உலக சுகாதார நிறுவனம் 2025இல் கர்ப்பிணிகளுக்கான ஊசியை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. பரிந்துரை வன்னியின் மகப்பேற்று விடுதியை அடைவதற்கு விலை என்னும் கடலைக் கடந்தாக வேண்டும்.

கடக்க வேண்டிய கடல் மற்றொன்றும் உண்டு. 2024ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு, புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், சரத்தைக் கொண்டே வடிவத்தை முன்கூட்டி அறியும் கருவியை ஆக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. ஒருகாலத்தில் ஆண்டுக்கணக்கில் முயன்று கண்டறிந்த வடிவங்களைச் சில மணி நேரத்திற் கணிக்கும் நிலை வந்துள்ளது. மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியில், மொனாஷ் பல்கலைக்கழக வளாகத்தில் மொடேர்னாவின் தடுப்பூசித் தொழிற்சாலை 2024 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அதே வேளையில் அமெரிக்க அரசு 2025 ஓகஸ்டில், அதே வகையான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஆய்வுத் திட்டங்கள் 22ஐ நிறுத்திற்று. அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 500 மில்லியன் டொலர். பிறிஸ்பேனில் ஓர் ஊசி நிறுத்தப்பட்டது அதில் கண்டறியப்பட்ட ஒரு குறைக்காக. வாஷிங்டனில் ஒரு துறையே முடக்கப்பட்டதற்கு அவநம்பிக்கையே பெருங்காரணமாயிற்று. நிறுத்தம் என்னும் சொல் இரண்டுக்கும் பொதுவாயினும் இரண்டும் ஒன்றல்ல.

புரதத்தின் வடிவத்தை அணு அணுவாகக் காணும் கண் இன்று விஞ்ஞானத்துக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஊசி சென்றடையும் மனிதரின் வாழ்வு எந்தெந்தச் சோதனைகளாலும் கோப்புகளாலும் ஆக்கப்பட்டுள்ளது என்பதைக் காணும் கண்ணும் அதனுடன் சேர்ந்தே வேண்டும் என்பதைப் பிறிஸ்பேன் அனுபவம் உணர்த்துகிறது. அடுத்த பெருந்தொற்று வருமுன், புதிய ஊசிகளை ஆக்குவோர் குடிவரவாளரையும் அகதிகளையும் தம் திட்டமிடலிற் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கோருவது எமது உரிமை. எம் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் மூதாளர் ஒன்றுகூடல்களும், எம்மிடையே உள்ள மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் அழைத்து, அத்தாய் கேட்டது போன்ற கேள்விகளுக்கு எம் மொழியில் விடை கூறும் ஏற்பாட்டை இப்பொழுதே செய்துகொள்வது எமது கடமை. நோய் வந்தபின் அதற்கு நேரம் இராது.